சினூன் கையெழுத்துப் போடாத பக்கம்

எங்கள் தொழிற்சாலையில் யாருக்கு ஊசி உடைந்தாலும் என் ஜன்னலுக்குத்தான் வர வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைக்க வேண்டும். நான் அவற்றை வரிசையாகச் சேர்த்து, முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தைத்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பேன். ஒரு துணுக்கு குறைந்தாலும் ஊசி கிடையாது. ஆறு வருடமாக இதுதான் என் வேலை. என் பெயர் சன்னாரி.

மற்றவர்கள் மாதத்துக்கு இரண்டு தடவையாவது என்னிடம் வருவார்கள். ஹெங் சினூனுக்கு அந்த ஆறு வருடத்தில் ஊசி உடைந்தது மொத்தம் நான்கு தடவை. நான்காவது தடவை உடைந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

சினூன் அக்காவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ப்ரே வெங் மாகாணத்திலிருந்து பத்தொன்பது வயதில் தலைநகர் புனோம் பென்னுக்கு வந்தவள். முதல் மூன்று வருடம் நூல் வெட்டினாள், அப்புறம் காலர், அப்புறம் ஜிப். கடைசியில் நான்காவது லைனின் கோடியில் இருந்த மடிப்பு மெஷினில் உட்கார வைத்தார்கள். அதன் பிறகு அவளை அங்கிருந்து யாரும் எழுப்பவில்லை. எழுப்பினால் அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை.

அந்த மெஷினில் ஊசி நேராக இறங்காது. பிறை மாதிரி வளைந்திருக்கும். பக்கவாட்டில் வந்து போகும். பாவாடையின் கீழ் ஓரத்தை உள்பக்கமாக மடித்து அடியில் கொடுத்தால், மடிப்பை முழுக்கக் குத்தி, வெளித்துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் பிடித்துக்கொண்டு போகும். திருப்பிப் பார்த்தால் தைத்த அடையாளமே இருக்காது. மயிரிழை ஆழம் கூடினால் வெளியே குழி குழியாகத் தெரியும், குறைந்தால் பிடிக்காமல் தொங்கிவிடும். பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், ஆழத்தைக் கூட்டிக் குறைக்க. துணி மாறும்போதெல்லாம் சினூன் அதைக் கால் சுற்று திருப்புவாள், காதைச் சாய்ப்பாள், மறுபடி ஒரு பொட்டு திருப்புவாள். கண்ணை விடக் காதைத்தான் நம்புவாள்.

புருஷன் தாய்லாந்து எல்லைக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகள் மாலியாவுக்குப் பதின்மூன்று வயது. ஊரில் சினூனுடைய அக்கா வீட்டில் வளர்ந்தாள். மகளைப் பார்ப்பது வருடத்துக்கு மூன்று தடவை. புத்தாண்டு, தண்ணீர்த் திருவிழா, முன்னோருக்குச் சோறு படைக்கும் ப்சும் பென்.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் ப்சும் பென் விடுமுறை தொடங்குகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வேன்கள் கேட்டுக்கு வெளியே நிற்கும். எல்லோரும் இரண்டு வாரம் முன்னாலேயே இடம் பிடித்திருந்தோம். மெஷின்களுக்கு அடியில் பைகள், வாழைப்பழச் சீப்புகள், ஊதுவத்திக் கட்டுகள். காலையிலிருந்து யாருக்கும் வேலையில் மனசில்லை, ஆனால் கை மட்டும் பறந்துகொண்டிருந்தது. காரணம், நான்கு மணிக்குள் கன்டெய்னர் லாரிக்கு சீல் வைக்க வேண்டும். வைத்தால்தான் கேட்டைத் திறப்பார்கள்.

சரக்கு, சின்னப் பெண்களுக்கான சாம்பல் நிறப் பள்ளிக்கூட கவுன். நாலு வயதிலிருந்து எட்டு வயது வரை. தோளில் வார், வாரில் ஒரு கொக்கி.

ஒன்று இருபதுக்கு நான்காவது லைன் நின்றது. சத்தம் நின்றதை வைத்தே என் ஜன்னலில் தெரிந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். சினூன் எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தாள். ஊசி உடைந்தால் அப்படித்தான் நிற்க வேண்டும், எதையும் தொடக் கூடாது.

லைன் லீடர் வொலாக் ஓடி வந்தாள். வொலாக்குக்கு முப்பது வயது இருக்கும். வாய் நீளம், ஆனால் கெட்டவள் இல்லை.

“இன்னிக்குத்தானா அக்கா? வருஷம் பூரா உடையாத ஊசி உங்களுக்கு இன்னிக்குத்தான் உடையணுமா?”

“நானா ஒடச்சேன்? காந்தத்தைக் கொண்டா.”

காந்தக் கோலை வைத்து மெஷினைச் சுற்றித் தேடினார்கள். தடித்த அடித்துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு துணியில் கிடைத்தது. முனை இல்லை. பாதி அரிசி அளவு. தரையைத் தடவினார்கள், அவள் செருப்பைப் பார்த்தார்கள், மடியை உதறினார்கள், தலைமுடியில்கூட காந்தத்தை ஓட்டினார்கள். அரைமணி நேரம் போய்விட்டது. அதற்குள் மற்ற லைன்கள் முடித்து அயர்ன் பண்ணி அட்டைப்பெட்டிகளை ஒட்டி லாரியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு மணிக்கு வொலாக் என் ஜன்னலுக்கு வந்தாள். தனியாக வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“சன்னா, உன் டப்பாவுல பழைய முனை எத்தனையோ கெடக்குமே. அதுல ஒண்ணு குடு.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு தெரியாத மாதிரி கேக்காத. ஒட்டு, கையெழுத்து வாங்கு, முடி. மேலே மேனேஜர் பொரின் சார் ரெண்டு தடவ கேட்டுட்டார். நாலு மணிக்கு லாரி போகலன்னா நாம ஒருத்தரும் ஊருக்குப் போக மாட்டோம்.”

“பேக்கிங்ல ஊசி கண்டுபிடிக்கிற மெஷின் இருக்கே, அது பிடிச்சிடாதா?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும். கவுனின் கொக்கிக்கெல்லாம் அது காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. கத்தாமல் இருக்க அதன் உணர்வைக் குறைத்து வைத்திருந்தார்கள். பாதி அரிசியை அது எங்கே பிடிக்கப் போகிறது.

நான் செய்ததை இப்போது மறைக்கவில்லை. பழைய பதிவேடுகளில் டேப் கழன்று விழுந்த துண்டுகளைப் போட்டு வைத்திருந்த டப்பாவைத் திறந்தேன். வளைந்த முனை ஒன்றைத் தேடி எடுத்தேன். வொலாக் கொண்டு வந்த மற்ற இரண்டு துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து டேப் ஒட்டினேன். எனக்கும் ஐந்து மணிக்கு வேன் இருந்தது. அப்பா செத்து முதல் ப்சும் பென். ஊரிலிருக்கும் புத்தர் கோயிலான பகோடாவில் அவர் பெயரைச் சொல்லி சோறு வைக்க நான் ஒருத்திதான் பிள்ளை.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு நானே சினூனிடம் போனேன். பேனாவை நீட்டினேன். அவள் பக்கத்தைப் பார்த்தாள். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தாள்.

“இது எங்க கெடச்சுது?”

“கெடச்சுதுக்கா. கையெழுத்துப் போடுங்க.”

“சன்னா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

நான் பார்க்கவில்லை.

“என் ஊசி இதைவிட மெலிசு. இந்தத் துணிக்கு நான் போன வாரம் உங்கிட்டதான மாத்தி வாங்கினேன்? நீதான குடுத்த?” என்றாள். கோபம் இல்லை. பதிவேட்டை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்தாள். “நான் போட மாட்டேன்.”

வொலாக் பாய்ந்தாள். “அக்கா, உங்களுக்கு என்ன பைத்தியமா? ஒரு கையெழுத்து! நாப்பது பேரு ஊருக்குப் போகணும். ஒங்க ஒரு கிறுக்கலுக்கு நாங்க இங்க உக்காந்து கொசு அடிக்கணுமா?”

பின்னால் யாரோ, “நல்ல பேரு வாங்கப் பாக்கிறா” என்றார்கள். இன்னொருத்தி, “புருஷன் இல்ல, ஊர்ல யாரு காத்திருக்கா இவளுக்கு?” என்றாள். சினூன் காதில் விழுந்தது. கழுத்து மட்டும் சிவந்தது.

உற்பத்தி மேலாளர் பொரின் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கத்துகிற மனிதர் இல்லை. கத்தாததால்தான் அவரிடம் பயம்.

“அக்கா, முனை கீழ எங்கயோ விழுந்திருக்கு. பெருக்கும்போது போயிருக்கும். அப்படி நடக்கிறதுதானே?”

“கீழ விழல சார்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சினூன் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு சொன்னாள்.

“முனை முன்னாடியே போயிடுச்சு சார். சத்தம் மாறிச்சு. எனக்குக் கேட்டுச்சு. பக்கத் தையல் வர்ற எடத்துல துணி தடிமனா இருக்கும், அங்க டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நான் நிறுத்தல. அவசரத்துல அதுக்கப்புறம் ரெண்டு பீஸ் தெச்சேன். அப்புறந்தான் மிச்ச ஊசி ஒடஞ்சுது. டக்குனு கேட்ட பீஸையும் சேர்த்து மூணு, அயர்னுக்குப் போயிடுச்சு.”

ஊசி சந்தேகம் வந்தும் தைத்தால் அது பெரிய குற்றம். அவளாகவே தன் கழுத்தைக் கொண்டுபோய் நீட்டியது எல்லோருக்கும் புரிந்தது. சத்தம் மாறிய அந்த நேரம் அவள் பின்னால் நின்றுகொண்டு ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று விரட்டியது வொலாக்தான். சினூன் அதைச் சொல்லவில்லை.

பொரின் கடிகாரத்தைப் பார்த்தார். “அந்த மூணு பீஸ் இப்போ எங்கே?”

பேக்கிங் பக்கம் திரும்பினோம். பெட்டிகள் பாதி லாரிக்குள் இருந்தன.

“இதை யாரும் கேக்கல, நீங்களும் சொல்லல. எனக்கு நாலு மணிக்கு லாரி போகணும்.” அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. “இந்த வேலை உங்களுக்கு வேணும்தானே?”

“வேணும் சார். எம் பொண்ணு படிக்கிறா.” என்றாள் சினூன். “ஆனா அது அஞ்சு ஆறு வயசுப் புள்ளைங்க போடற கவுன். ஓரம் எங்க வரும்? முட்டிக்குக் கீழ. ஒரு புள்ள சம்மணம் போட்டு உக்காந்தா நேரா தொடையில ஏறிடும். நான் பேர் போட மாட்டேன். நீங்க அனுப்பணும்னா அனுப்பிக்கோங்க. ஆனா கேட்டவங்ககிட்டயெல்லாம் நான் சொல்லுவேன்.”

பொரின் அவளையே பார்த்தார். நான் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். பேச வேண்டும் என்று நினைத்துப் பேசவில்லை, வார்த்தை தானாக வந்துவிட்டது.

“சார், இந்தப் பக்கத்துல இருக்கிற முனை பழசு. நான் ஒட்டினது. யாரு கையெழுத்துப் போட்டாலும் இது பொய்தான் சார்.”

வொலாக் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவள் பெயரை நான் சொல்லவில்லை.

பொரின் மணியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். “எத்தனை பெட்டி?” என்றார் கடைசியில்.

சினூன் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். “அந்த பண்டல் ஆறாம் சைஸ் சார். ஆறாம் சைஸ் பெட்டியை மட்டும் பிரிச்சாப் போதும்.”

ஆறாம் சைஸ் பெட்டி பதினான்கு. ஒவ்வொன்றிலும் இருபத்து நான்கு கவுன். அதில் ஒன்பது பெட்டி லாரியின் உள்மூலையில். ஏற்றியவர்கள் திட்டிக்கொண்டே இறக்கினார்கள். லாரி ஓட்டுநர் கதவில் சாய்ந்து சிகரெட் பிடித்தபடி, “எங்க ஊர்ல வாத்துக்கூட இதைவிட வேகமா வரிசை கட்டும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு ஐம்பதுக்கு முதல் பெட்டியைப் பிரித்தோம். முதலில் சினூனும் நானும் மட்டும்தான். அவள் தரையில் உட்கார்ந்து ஒரு கவுனைத் திருப்பி மடியில் போட்டு, ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு இழுத்தாள்.

“முழு ஓரத்தையும் பாக்காத. ரெண்டு பக்கத் தையலையும் பாரு. அங்கதான் ஒடையும். முனை போன ஊசியில தெச்சது தடவினாலே தெரியும், மேல சொரசொரன்னு இருக்கும்.”

“விரல்ல குத்துமே அக்கா.”

“குத்தினா நல்லது. கெடச்சிடுச்சுன்னு அர்த்தம்.”

மூன்றாவது பெட்டியில் அயர்ன்காரன் ஹொங் வந்து உட்கார்ந்தான். “எனக்கு வேன் இல்ல, பைக்தான்” என்றான், யாரும் கேட்காமலே. ஐந்தாவது பெட்டியில் வொலாக் வந்தாள். ஒரு பெட்டியைத் தன் பக்கம் இழுத்து டேப்பைக் கிழித்தாள்.

“உங்களத் திட்டிக்கிட்டேதான் தேடுவேன். சொல்லிட்டேன்.”

“திட்டிக்கோ. கை நிக்காம திட்டு.”

மற்றவர்கள் மெஷின்களில் உட்கார்ந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை முதுகில் அழுத்தியது.

மூன்றரைக்கு முதல் கவுன் கிடைத்தது. ஹொங் கையில். மடிப்பின் மேல் குழிகள், சினூன் வேலையில் எப்போதும் வராத குழிகள். பக்கத் தையலில் காந்தத்தை வைத்தோம். ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் இரண்டாவது. அதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது இல்லவே இல்லை.

நான்கு மணி அடித்தது. பொரின் மாடிப்படியில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். குரல் கேட்கவில்லை, தலை மட்டும் ஆடியது. இன்னும் நான்கு பெட்டி பாக்கி. அப்போது சினூனின் போன் அடித்தது. திரையில் மகள் பெயர். நியாக் லோங் பாலத்துக்கு அந்தப்பக்கம் வேன் நிற்கும் இடத்துக்கு மாலியா சைக்கிளில் வந்து காத்திருப்பாள் என்று பேச்சு. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

“எடுங்கக்கா” என்றேன்.

“எடுத்தா என்ன சொல்றது? வரேன்னா, வரலைன்னா?” கையிலிருந்த கவுனை இழுத்தாள். “தேடு.”

நான்கே முக்காலுக்கு வேன்களின் ஹாரன் கேட்டது. மெஷின்களில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கேட் பக்கம் போய் நின்றார்கள். கேட் பூட்டியிருந்தது. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். “நீ நல்லாவே இருக்க மாட்ட சினூன்!” என்று ஒருத்தி அங்கிருந்தே கத்தினாள். சினூன் நிமிரவில்லை. அவள் கண்ணில் நீர் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

பதினான்காவது பெட்டியும் முடிந்தது. இல்லை.

நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தோம். சினூன் பெட்டிகளை விரல்விட்டு எண்ணினாள். அப்புறம் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் எடுத்த கவுன்களை எண்ணச் சொன்னாள். பதினோராவதில் இருபத்து மூன்று. ஒன்று குறைந்தது.

“ஒண்ணு எங்க?”

பேக்கிங்கில் இருந்த பெண் வாயில் கையை வைத்தாள். “சாம்பிளுக்கு ஒண்ணு கேட்டாங்கக்கா. மத்தியானம் எடுத்து மேல குடுத்தேன்.”

வொலாக் படிகளில் இரண்டிரண்டாக ஏறினாள். பொரின் அறையில் ஒரு ஹேங்கரில், பிளாஸ்டிக் உறைக்குள், சீட்டு கட்டி மாட்டியிருந்தது. அதைக் கழற்றிக்கொண்டே இறங்கி வந்தாள். பாதிப் படியிலேயே பக்கத் தையலைத் தடவினாள். “அய்யோ!” என்றாள். விரலை உதறினாள். ஒரு சொட்டு ரத்தம் சாம்பல் துணியில் விழுந்து கறுத்தது.

காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. பாதி அரிசி. நான் பதிவேட்டைத் திறந்து, என் கையால் ஒட்டிய பழைய முனையை நகத்தால் கிளறி எடுத்தேன். இதை வைத்தேன். இரண்டு துண்டோடும் ஒரு கோணலும் இல்லாமல் சேர்ந்தது.

பக்கம் டேப்பெல்லாம் கிழிந்து பார்க்கச் சகிக்காமல் இருந்தது. “இதுல வேணாம், புதுப் பக்கத்துல ஒட்டு” என்றாள் சினூன். அதில் கையெழுத்துப் போட்டாள். மணி ஐந்து இருபது.

லாரிக்குச் சீல் வைத்து அனுப்ப ஆறாகிவிட்டது. கேட் திறந்தபோது இரண்டு வேன்கள் காத்திருந்தன, மூன்று போய்விட்டன. போனதில் சினூனுடையதும் என்னுடையதும் உண்டு. அவள் மகளைக் கூப்பிட்டு, “வீட்டுக்குப் போடா கண்ணு, நான் காலையில வரேன்” என்றாள். அந்தப்பக்கம் என்ன சொன்னாளோ, வெகுநேரம் ‘ம்’ ‘ம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் விடிந்ததும் நாங்கள் இருவரும் வாத்து முட்டை ஏற்றிவந்து இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு வண்டியின் பின்னால், காலித் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனோம். நான் என் ஊரில் இறங்கும்போது பகோடாவில் முதல் பந்தி முடிந்திருந்தது. அப்பாவுக்கு இரண்டாவது பந்தியில் சோறு வைத்தேன்.

விடுமுறை முடிந்து திரும்பியதும் சினூனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சத்தம் மாறியும் தைத்ததற்கு. நியாயமான கடிதம்தான் என்று அவளே சொன்னாள். எனக்கும் ஒன்று வந்தது. அதுவும் நியாயம்தான். என்னை ஜன்னலிலிருந்து மாற்றுவார்கள் என்று நினைத்தேன், மாற்றவில்லை. அவளைத்தான் மாற்றினார்கள். மடிப்பு மெஷினிலிருந்து எழுப்பி, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் தொடங்கிய இடத்துக்கே, நூல் வெட்டும் மேஜைக்கு அனுப்பினார்கள். லைனில் முக்கால்வாசிப் பேர் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். நான் போய் உட்காருவேன். வறுத்த மீனும் சோறுமாகச் சாப்பிடுவோம், பேசிக்கொள்ள அதிகம் இருக்காது.

“பயமா இருந்துச்சா அக்கா அன்னிக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இப்பவும் இருக்கு” என்றாள். “வேலை போயிடுச்சுன்னா எங்க போவேன்? அன்னிக்கு மூணாவது பீஸ் கெடைக்காம போயிருந்தா, என்னைக் கிழிச்சுப் போட்டிருப்பாங்க. நானே என்னைக் கிழிச்சிருப்பேன்.”

மடிப்பு மெஷினில் புதிதாக உட்கார்ந்த பெண் நல்லவள், ஆனால் துணி அவள் சொல் கேட்கவில்லை. அடுத்த சரக்கு மெல்லிய கிரேப் பாவாடை. ஓரமெல்லாம் குழி. முந்நூறு பாவாடை திரும்பி வந்தது. நான்காவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை வொலாக் நூல் மேஜைக்கு வந்து நின்றாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு அது வராது.

“அக்கா, எழுந்து வாங்க. அந்தப் பொண்ணு அழறா. மெஷினும் அழுவுது.”

சினூன் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து போனாள். ஊசியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டினாள். சக்கரத்தைக் கால் சுற்று திருப்பினாள். ஒரு கந்தல் துண்டை அடியில் கொடுத்துத் தைத்து நீட்டினாள்.

வொலாக் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எங்க தெச்சீங்க?”

“உள்ள பாரு” என்றாள் சினூன். முதல் பாவாடையை எடுத்து ஓரத்தை மடித்தாள்.